ஒளிக்கு எத்தனை மில்லிநொடி: கிராபிக்ஸ் கார்டு மாற்றும்போது ரே டிரேசிங்கையும் ஃபிரேம் ரேட்டையும் எடைபோடுதல்

'சைபர்பங்க் 2077' கேமில், மழை விட்ட இரவில், ஏதாவது ஒரு தெருவோரத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். ரே டிரேசிங்கை, அதாவது ஒளிக்கதிர்களின் வழியைப் பின்தொடர்ந்து வெளிச்சத்தைக் கணக்கிடும் வசதியை, அணைத்துவிட்டு அந்தத் தண்ணீருக்கு முன்னால் நின்றால், எதிர்க்கடையின் நியான் பலகை அதில் அழகாகவே தெரியும். மவுஸை மெதுவாக இழுத்துப் பார்வையைத் தரையை நோக்கித் தாழ்த்தினால், பலகை திரையின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே போகப் போக, தண்ணீரில் இருந்த அதன் பிம்பமும் கரைந்து, கடைசியில் வெறும் நீர்ப்பரப்புதான் மிஞ்சும். பலகை இருந்த இடத்திலேயேதான் எரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் திரையில் வரையப்படாத ஒன்றைத் தண்ணீரில் காட்டப் பழைய முறைக்கு வழியில்லை. செட்டிங்ஸுக்குள் போய் ரே டிரேசிங் பிரதிபலிப்பை இயக்கிவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் குனிந்து பார்த்தால் பிம்பம் அப்படியே நிற்கும். அதற்குள் திரையின் மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வரையப்படுகிறது என்ற ஃபிரேம் ரேட், பல கார்டுகளில் மளமளவென்று இறங்கியும் இருக்கும்.

2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ஐயோ 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரையோ இத்தனை ஆண்டுகள் ஓட்டிவிட்டு இப்போது புதுக் கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஒளி வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் வைத்துத்தான் பெரும்பாலோர் பேசுகிறார்கள். இன்றைய கேம்களில் ரே டிரேசிங் செயல்படும் விதத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், ஒளியின் தரமே ஃபிரேம் ரேட்டைச் சார்ந்திருப்பது புலப்படும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால், எந்த ஒளிக்காக வேகத்தை விட்டுக்கொடுத்தோமோ அந்த ஒளியும் சேர்ந்து கெடுகிறது. ஆகவே எந்தக் கார்டு என்று முடிவு செய்வதற்கு முன்னால், எந்த அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்கமாட்டோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அது ஏன் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

ராஸ்டரைசேஷன் எனப்படும் வழக்கமான முறையில், கிராபிக்ஸ் கார்டு முப்பரிமாண உலகத்தின் முக்கோணங்களைத் தட்டையான திரையில் பதித்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீட்டுகிறது. இந்த வேலையில் அது அசாத்திய வேகம் கொண்டது. ஆனால் ஒரு பிக்சலுக்கு நிறம் தீட்டும் நேரத்தில், சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, கூரையில் பட்ட வெயில் எங்கே தெறிக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் நிழலுக்கு ஒரு தந்திரம், பிரதிபலிப்புக்கு ஒரு தந்திரம், மறைமுக வெளிச்சத்துக்கு ஒரு தந்திரம் என்று முப்பது ஆண்டுகளாகக் கேம் உருவாக்குபவர்கள் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். விளக்கு இருக்கும் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்து நிழலைக் குறித்துக்கொள்வது ஒன்று. ஏற்கெனவே திரையில் வரைந்து முடித்ததையே திருப்பிப் போட்டுப் பிரதிபலிப்பாகக் காட்டுவது இன்னொன்று. தண்ணீரில் பிம்பம் கரைந்தது இந்த இரண்டாவது தந்திரத்தின் எல்லை. அறைக்குள் பரவும் வெளிச்சத்தை மணிக்கணக்கில் முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவர்களின் மேல் ஒட்டிவைப்பதும் உண்டு. அப்படி ஒட்டப்பட்ட அறையில் கதவைத் திறந்தாலும் மூடினாலும் வெளிச்சம் மாறாது.

ரே டிரேசிங் இந்தத் தந்திரங்களுக்குப் பதிலாக நேரடியாகக் கணக்குப் போடுகிறது. பார்வையிலிருந்து ஒரு கதிரை அனுப்பி, அது எதில் படுகிறது, அங்கிருந்து எங்கே தெறிக்கிறது, கடைசியில் எந்த விளக்கைச் சேர்கிறது என்று தேடுவதுதான் முறை. யோசனை புதிதல்ல. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டர்னர் விட்டெட் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், சதுரங்கத் தரையின் மேல் மிதக்கும் இரண்டு கோளங்களை இந்த முறையில் வரைந்து காட்டினார். வாக்ஸ் 11/780 கணினியில் அந்த ஒரே ஒரு படத்துக்கு 74 நிமிடங்கள் பிடித்தன. 60 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் கேமுக்கு ஒரு படம் வரையக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். இடையில் கடக்க வேண்டியிருந்த தூரம் எவ்வளவு என்பது இதிலிருந்து விளங்கும்.

விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் மென்பொருளுக்குள் ரே டிரேசிங்கைச் சேர்ப்பதாக 2018 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசையை அறிமுகம் செய்தது. ஒரு கதிர் எந்த முக்கோணத்தில் படுகிறது என்று கோடிக்கணக்கான முக்கோணங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது. உலகம் முழுவதையும் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிவைத்து, கதிர் தொடாத பெட்டிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டுத் தேடலைக் குறுக்குகிறார்கள். அந்தப் பெட்டிச் சோதனையையும் முக்கோணச் சோதனையையும் செய்யவென்றே தனிச் சுற்றுகளைக் கார்டுக்குள் வைத்ததுதான் அந்த வரிசையின் புதுமை. அன்றைய உச்சக் கார்டான ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ நொடிக்கு 1000 கோடிக் கதிர்களைக் கையாளும் என்றது என்விடியா.

1000 கோடி என்றால் ஏராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4கே திரையில் 82,94,400 பிக்சல்கள். பிக்சலுக்கு ஒரே ஒரு கதிர் வீதம் நொடிக்கு 60 படம் என்றாலே ஏறக்குறைய 50 கோடிக் கதிர்கள் ஆகின்றன. காகிதக் கணக்கின்படி பார்த்தாலும் பிக்சலுக்கு 20 கதிர்தான் தேறும். உண்மையில் அதுவும் கிடைக்காது. ஏனெனில் கதிர் போய்ப் பட்ட இடத்தின் நிறம் என்ன, பொருள் என்ன என்று, நிறம் தீட்டும் பகுதியான ஷேடர் மறுபடியும் கணக்கிட வேண்டும், மற்ற எல்லா வரைவு வேலைகளும் அதே 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். திரைப்படங்களுக்கு ஒளி கணக்கிடும்போது பிக்சலுக்கு நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான கதிர்களை அனுப்பிவிட்டு ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கேமுக்கு அந்த வசதி இல்லை. பிக்சலுக்கு ஒன்றிரண்டு கதிர்களை வைத்துக்கொண்டுதான் அது ஒளியை ஊகிக்க வேண்டும்.

ஒன்றிரண்டு கதிர்களால் கிடைக்கும் படத்தை அப்படியே பார்த்தால், சரியாகச் சிக்னல் வராத பழைய டிவிபோலப் புள்ளிப் புள்ளியாக இருக்கும். அதைத் துடைத்துச் சீராக்குவது டீநாய்சர் என்ற பகுதி. அது பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கலந்து கொள்கிறது. அதைவிட முக்கியமாக, கடந்துபோன ஃபிரேம்களில் அதே இடத்துக்கு வந்த கதிர்களின் விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. அதாவது, இப்போது நாம் பார்க்கும் வெளிச்சத்தின் பெரும்பகுதி சற்று முன் வந்துபோன ஃபிரேம்களிலிருந்து திரட்டப்பட்டது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மறைமுக ஒளிக்கு ரே டிரேசிங்கைப் பயன்படுத்தும் ஏதாவது ஒரு கேமில் இருட்டறைக்குள் போய், சுவரில் டார்ச் அடித்து, சட்டென்று அணைத்துப் பாருங்கள். டார்ச்சின் வட்டம் உடனே மறையும். ஆனால் அந்த வட்டத்திலிருந்து தெறித்து அறை முழுவதும் படர்ந்திருந்த மங்கலான வெளிச்சம் பல கேம்களில் உடனே போகாமல் வடிந்து அடங்கும். டீநாய்சர் 30 ஃபிரேம்களைத் திரட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 30 எஃப்பிஎஸ்ஸில் அந்தப் பழைய வெளிச்சம் போக ஒரு முழு நொடி ஆகும். 90 எஃப்பிஎஸ்ஸில் நொடியில் மூன்றிலொரு பங்குதான். ஓடும் மனிதருக்குப் பின்னால் புகைபோல ஒரு சுவடு இழுபடுவது, வேகமாகத் திரும்பினால் சுவரெல்லாம் ஒரு கணம் கொதிப்பதுபோல் நெளிவது ஆகிய குறைகளும் இப்படித்தான். ஒரே கார்டில், ஒரே செட்டிங்ஸில், ஃபிரேம் ரேட் மட்டும் கூடினாலே இந்தக் குறைகள் கண்ணுக்குத் தெரியும் நேரம் குறைகிறது. ஃபிரேம் ரேட் என்பது மவுஸின் உணர்வுக்கு மட்டும் உரியது, படத்தின் அழகுக்குச் சம்பந்தமில்லாதது என்ற எண்ணம் ரே டிரேசிங் காலத்தில் செல்லாது என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

அடுத்து, இழப்பை அளக்கும் முறை. "ரே டிரேசிங் போட்டால் பாதியாகக் குறைகிறது" என்று சதவீதத்தில் சொல்வது வழக்கம். சதவீதம் இங்கே ஏமாற்றும். ரே டிரேசிங் ஒவ்வொரு ஃபிரேமிலும் குறிப்பிட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தை மில்லிநொடியில் பார்ப்பதே சரி. ஒரு கார்டில் ஒரு கேமின் ரே டிரேசிங் 7 மில்லிநொடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒளி இல்லாமல் 144 எஃப்பிஎஸ் ஓடிய இடத்தில், 6.9 மில்லிநொடி 13.9 ஆகி, வேகம் 72-க்கு இறங்கும், பாதி போய்விட்டது. ஒளி இல்லாமல் 60 எஃப்பிஎஸ் ஓடிய இடத்தில், 16.7 மில்லிநொடி 23.7 ஆகி, 42-க்கு இறங்கும். போனது முப்பது சதவீதம்தான். சதவீதத்தில் பெரிய இழப்பு முதல் ஆளுக்கு. விளையாட முடியாமல் தவிப்பது இரண்டாவது ஆள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியும். 30-லிருந்து 60 எஃப்பிஎஸ்ஸுக்கு ஏறினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் மிச்சமாவது 16.7 மில்லிநொடி. 60-லிருந்து 120-க்கு ஏறினால் 8.3. 120-லிருந்து 240-க்கு ஏறினால் 4.2 மட்டுமே. மேலே போகப் போக வேகத்துக்குக் கொடுக்கும் விலை கூடி, கிடைக்கும் பலன் குறைகிறது. கதை சொல்லும் கேம்களைத் தனியாக விளையாடுபவர் ஏற்கெனவே 120-க்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தால், அங்கே சில மில்லிநொடிகளை ஒளிக்குக் கொடுப்பது நல்ல பேரம். 55-இல் தள்ளாடுபவர் அதையே செய்தால் ஒளியும் கெடும், வேகமும் கெடும். 60-ஐத் தாண்டும்வரை பணம் வேகத்துக்கு. 80, 90-ஐத் தொட்ட பிறகு மிச்சமெல்லாம் ஒளிக்கு. நான் கடைப்பிடிக்கும் அளவு இது.

அந்த 60 என்பது எந்த 60 என்பதில்தான் இன்று பெருங்குழப்பம். 2020-இல் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 2 முதல், குறைந்த ரெசல்யூஷனில் (குறைவான பிக்சல்களில்) வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அப்ஸ்கேலிங் முறைகள் உண்மையிலேயே பயனுள்ளவையாக மாறிவிட்டன. ரே டிரேசிங்கை இன்று சாத்தியமாக்கியிருப்பவையும் அவைதாம். ஆனால் கதிர்களின் எண்ணிக்கையும் அந்த உள் ரெசல்யூஷனையே பொறுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 4கே திரையில் அப்ஸ்கேலிங்கை, வேகத்துக்கு முதலிடம் தரும் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்தால் உள்ளே வரையப்படுவது 1920-க்கு 1080. அதுவே 1080பி திரையில், தரத்துக்கு முதலிடம் தரும் குவாலிட்டி நிலையில் வைத்தால் உள்ளே இருப்பது 1280-க்கு 720 மட்டுமே. பெயர் உயர்வாக இருந்தாலும் கையில் இருக்கும் கதிர்கள் பாதிக்கும் குறைவு. 1080பி மானிட்டரில் ரே டிரேசிங் மங்கலாகவும் மினுக்கலோடும் தெரிகிறது என்று பலர் குறைப்படுவது கார்டின் குறையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 1440பி மானிட்டரில் இந்தச் சிக்கல் கணிசமாகக் குறைகிறது.

அப்ஸ்கேலிங்குக்குப் பிறகு கிடைக்கும் வேகம் உண்மையான வேகம். மவுஸை அசைத்தால் கேம் அந்த வேகத்தில் பதில் சொல்லும். ஃபிரேம் ஜெனரேஷன் அப்படிப்பட்டதல்ல. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்த இந்த முறை, கேம் வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்துச் செருகுகிறது. 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4 மூன்று வரை செருகும். நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த ஃபிரேம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், தாமதம் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடவே செய்யும். 30 எஃப்பிஎஸ்ஸில் ஓடுவதை 120 என்று காட்டினாலும், கையில் உணர்வது 30-க்கும் கீழேதான். செருகிய ஃபிரேம்களில் புதுக் கதிர்களும் கிடையாது. டார்ச்சை அணைத்த பிறகு வடியும் அந்த வெளிச்சம் பழைய வேகத்திலேயேதான் வடியும். என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி, எஃப்எஸ்ஆர் 3 என்ற தன் ஃபிரேம் ஜெனரேஷன் முறைக்குக் குறைந்தது 60 எஃப்பிஎஸ் அடிப்படை வேண்டும் என்று தானே பரிந்துரைத்தது. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-இல் 1599 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இன் செயல்திறன் கிடைக்கும் என்று மேடையில் அறிவித்தபோது, அந்தக் கணக்கு செருகிய ஃபிரேம்களையும் சேர்த்துத்தான் போடப்பட்டது. வாங்க நினைக்கும் கார்டின் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) படத்தைப் பார்க்கும்போது, அதிலிருக்கும் எண்ணில் ஃபிரேம் ஜெனரேஷன் கலந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன். 70, 80-ஐ 140 ஆக்கிக் காட்ட அது அருமையான கருவி. 30-ஐக் காப்பாற்ற உதவாது.

மெமரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அடிபட்ட இடம் அது. முன்பு வைத்திருந்த 8 ஜிபி கார்டில் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' ஓட்டியபோது, சராசரி வேகம் மரியாதையான எண்ணைத்தான் காட்டியது. ஆனால் வத்திக்கான் பகுதியில் ஒரு முற்றத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் படம் வெட்டி வெட்டி நின்றது. ஃபிரேம் நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது, 14 மில்லிநொடியில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீர் திடீரென்று தென்னை மரம்போல எழும்பி நின்றது. பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படங்களான டெக்ஸ்சருக்குரிய மெமரியின் அளவை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, சுவர்களின் கல் அலங்காரம் எல்லாம் மழுங்கிய பிறகுதான் அந்தக் கோடு படுத்தது. கார்டின் கணக்குப் போடும் திறனில் குறையில்லை, வைத்துக்கொள்ள இடமில்லை. ரே டிரேசிங்குக்கு அந்தப் பெட்டி அடுக்கை மெமரியில் வைத்திருக்க வேண்டும், டீநாய்சருக்குப் பழைய ஃபிரேம்களை வைத்திருக்க வேண்டும், ஃபிரேம் ஜெனரேஷனுக்கும் தனியாக இடம் வேண்டும். மெதுவான கார்டில் செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். மெமரி போதாத கார்டில், ரே டிரேசிங்குக்கென்று கொடுத்த பணம் கண்ணெதிரே வீணாகும்.

ஒரே பெயரில் இரண்டு அளவு மெமரியோடு கார்டுகள் வருவது இந்தத் தவற்றை எளிதாக்குகிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய மூன்றுமே 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் விற்கப்பட்டவை. சென்னை ரிச்சி தெருக் கடையிலோ ஆன்லைனிலோ பெயரை மட்டும் சொல்லி விலை கேட்டால், குறைந்த விலையாக வருவது பெரும்பாலும் 8 ஜிபிதான். 5060 டிஐ-யின் அமெரிக்க அறிமுக விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் 50 டாலர். மொத்த விலையோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் சிறியது. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த பிறகும் நான் அதைத் தயங்காமல் கொடுப்பேன்.

இத்தனைக்கும் பிறகு, எனக்கு ரே டிரேசிங்கே வேண்டாம், அணைத்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாமா? 2023 வரை அது நியாயமான பதில். இப்போது அப்படி இல்லை. 2021-இல் 'மெட்ரோ எக்சோடஸ்' கேமின் என்ஹான்ஸ்ட் பதிப்பு ரே டிரேசிங் சுற்று இல்லாத கார்டுகளில் ஓடாது என்று வந்தபோது அது விதிவிலக்காகத் தெரிந்தது. 2024 டிசம்பரில் 'இண்டியானா ஜோன்ஸ்', 2025 மே மாதத்தில் 'டூம்: த டார்க் ஏஜஸ்' என்று பெரிய கேம்களும் அதே நிபந்தனையோடு வந்துவிட்டன. ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரில் ஒட்டும் வேலையை உருவாக்குபவர்கள் கைவிடத் தொடங்கியதே காரணம். ஒரு மேசையை நகர்த்தினாலும் மறுபடி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அந்த வேலை அவர்களுக்குப் பெரும் சுமையாக இருந்தது. இந்தக் கேம்களில் அணைப்பதற்குப் பொத்தானே கிடையாது.

கவனிக்க வேண்டியது, இந்தக் கட்டாய ரே டிரேசிங் கடுமையானதல்ல என்பது. அதே 'டூம்' 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ஸிலும் 60 எஃப்பிஎஸ் இலக்கோடு ஓடுகிறது. அந்த இயந்திரங்களில் இருப்பது ஏஎம்டியின் முதல் தலைமுறை ரே டிரேசிங் சுற்று. ஆக, ரே டிரேசிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சுமைகள் இருக்கின்றன. ஒன்று, கன்சோலை மனத்தில் வைத்து அளவாகச் செய்யப்பட்டது. இடைநிலைக் கார்டு எதுவும் இதைச் சுமக்கும். மற்றது பாத் டிரேசிங்; எல்லா வெளிச்சத்தையும் கதிர்களாலேயே கணக்கிடுவது. 2023 ஏப்ரலில் 'சைபர்பங்க்'குக்கு இந்த முறை வந்தபோது, அன்றைய உச்சமான 4090 கூட 4கே-யில் உதவி எதுவும் இல்லாமல் 20 எஃப்பிஎஸ்ஸை ஒட்டித்தான் ஓடியது. முதல் வகைக்காக யாரும் வேகத்தைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவது வகைக்கு இடைநிலைக் கார்டில் ஆசைப்படுவது, நான் மேலே சொன்ன அடிப்படை வேகத்தை உடைக்காமல் முடியாது.

இரண்டுக்கும் நடுவே, தனித்தனியாக இயக்கக்கூடிய செட்டிங்ஸ் கொண்ட கேம்கள் ஏராளம். அங்கே எதை முதலில் போடுவது? மறைமுக ஒளியை, அதாவது குளோபல் இல்லுமினேஷனை, முதலில் போடுவேன். ஜன்னல் வழியாக விழும் வெயில் சிவப்புக் கம்பளத்தில் பட்டு எதிர்ச்சுவரில் இளஞ்சிவப்பாகத் தெறிப்பதும், கட்டிலுக்கு அடியில் உண்மையான இருட்டு இருப்பதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரியும். திரையில் ஓர் அங்குலம்கூட அதன் பலனின்றி இருக்காது. பிரதிபலிப்பு, கண்ணாடியும் ஈரமும் நிறைந்த நகரத்துக் கேம்களுக்கு; காட்டிலும் பாலைவனத்திலும் நடக்கும் கதைக்கு அதன் தேவை குறைவு. நிழல் கடைசி. பழைய தந்திரங்களே நிழலை நன்றாகச் செய்வதால், அதற்குக் கொடுக்கும் மில்லிநொடிகள் பல கேம்களில் தெரியாமலே போகின்றன.

போட்டிக் கேம்களைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. 'வாலரன்ட்', 'கவுன்டர்-ஸ்டிரைக் 2' இரண்டிலும் ரே டிரேசிங்கே கிடையாது. என் தம்பி இந்த இரண்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை; அவனுக்குக் கார்டு பார்த்தபோது ரே டிரேசிங் எண்களை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணத்தின் பெரும்பகுதி மானிட்டருக்கும் பிராசசருக்கும் போனது.

கார்டுகளுக்கு வந்தால், தலைமுறை வித்தியாசம் முக்கியம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000, 7000 வரிசைகள் வழக்கமான வரைவில் கொடுத்த பணத்துக்கு நிறைவாக உழைத்தாலும் ரே டிரேசிங்கில் என்விடியாவிடம் பின்தங்கியே இருந்தன. கதிர் பெட்டிகளுக்குள் இறங்கித் தேடும் வேலையின் ஒரு பகுதியை அவை பொது ஷேடர்களிடமே விட்டிருந்தது இதற்கு ஒரு காரணம். 2025 மார்ச்சில் 599 டாலர் அறிமுக விலையில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி அந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்தது. 16 ஜிபி மெமரியும் எஃப்எஸ்ஆர் 4 அப்ஸ்கேலிங்கும் அதற்குப் பலம். பாத் டிரேசிங்கில் மட்டும் 749 டாலர் அறிமுக விலையில் வந்த ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ இன்னும் முன்னே நிற்கிறது. அதற்குக் கீழே, 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யும் 1440பி திரையில் அளவான ரே டிரேசிங்குக்குப் பொருத்தமானவை. 549 டாலர் அறிமுக விலையில் வந்த ஆர்டிஎக்ஸ் 5070-இன் கணக்கிடும் வேகம் இவற்றைவிட நல்ல இடைவெளியில் மேலே இருந்தாலும், 12 ஜிபி என்பது எனக்கு உறுத்துகிறது. ஐந்தாறு ஆண்டு ஓட்ட நினைப்பவருக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். 249 டாலருக்கு 12 ஜிபி கொடுத்த இன்டெல் ஆர்க் பி580 ரே டிரேசிங்கில் தன் விலைக்கு மிஞ்சி உழைக்கிறது, ஆனால் பழைய பிராசசரோடு சேர்ந்தால் அதன் வேகம் மற்றக் கார்டுகளைவிட அதிகமாக அடிவாங்கும்.

பிராசசர் பற்றிய அந்தக் கடைசிப் பேச்சு எல்லாக் கார்டுக்கும் பொருந்தும். கேமில் பொருட்கள் நகர நகரப் பெட்டி அடுக்கைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் ஒரு பங்கு பிராசசரின் தலையில் விழுகிறது. 2022-இல் பிசிக்கு வந்த 'ஸ்பைடர்மேன்' கேமில் ரே டிரேசிங் பிரதிபலிப்பைப் போட்டுக்கொண்டு கட்டடங்களுக்கு நடுவே ஊசலாடும்போது, வலுவான கார்டு பாதி வேலையோடு சும்மா இருக்க, பழைய ஆறு கோர் பிராசசர் மூச்சு வாங்கும். அங்கே ரெசல்யூஷனைக் குறைத்தாலும், அப்ஸ்கேலிங்கைக் கூட்டினாலும் எஃப்பிஎஸ் ஏறாது.

ஆகையால் பணம் கட்டுவதற்கு முந்தைய நாள், இப்போதிருக்கும் கணினியிலேயே ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. அதிகம் விளையாடும் கேமில், கூட்டம் நிறைந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கி, டெக்ஸ்சரையும் நிழலையும் குறைத்து, எஃப்பிஎஸ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 110 வரை ஏறினால் பிராசசர் இடம் கொடுக்கிறது. புதுக் கார்டு தன் திறனைக் காட்டும். எவ்வளவு குறைத்தாலும் 65-ஐத் தாண்டவில்லையென்றால், எந்தக் கார்டை மாட்டினாலும் அந்த இடத்தில் 65-க்கு மேல் பெரிதாக வராது, ரே டிரேசிங் போட்டால் அதுவும் குறையும். அந்த நிலையில் கார்டின் பட்ஜெட்டில் ஒரு படி இறங்கி, மிச்சத்தில் பிராசசரை மாற்றுவது சரி. கூடவே கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வாட் என்று குனிந்து படித்துக்கொள்ளுங்கள். 9070 எக்ஸ்டி கார்டு தனியாகவே 304 வாட் கேட்கும்.